கழித்தல் கணக்கும் புற்றுநோயும்

ஒளி நேர்க்கோட்டில் செல்லும், பிரதிபலிக்கும் என்பதோடு நம் ஒளிப் பாடம் முடிந்துவிடக் கூடாது. ஒளிக்கு அதிர்வுத் திசையும் உண்டென்று மாணவர்க்குச் சொல்ல வேண்டாமா?

ஒரே திசையில் அதிரும் ஒளியைத் தோலில் பாய்ச்சினால், மேலடுக்கில் சிதறி மீளும் ஒளி அத்திசையைப் பெரிதும் இழப்பதில்லை. ஆழத்தில் பன்முறை சிதறிய ஒளி இழந்துவிடுகிறது. இரு திசைகளில் வடிகட்டி எடுத்த படங்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மேலடுக்கு தெளிவாகிறது. தோல் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். அமெரிக்காவின் ஆரிகன் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கினர். நோயை உறுதிசெய்யத் திசுச் சோதனை தேவைதான்; எனினும், ஐயத்திற்குரிய இடத்தைக் காட்ட இவ்வொளி துணைபுரியும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! போலராய்டு குளிர்க்கண்ணாடியைக் கணிப்பான் திரைமுன் சுழற்றிக் காட்டுங்கள், எழுத்துகள் மறையும். பின்னர்க் காரணத்தைத் தமிழிலேயே விளக்குங்கள். "இது தேர்வில் வருமா?" என்ற கேள்வி அன்று எழாது.