இரண்டு பக்கமும் எழுதிய பேனா



மில்பிடாசில் நான் வேலை செய்யும் பக்டரியில் பாதிப்பேர் வியட்நாம்காரர். எங்களைப்போல யுத்தத்தால் ஓடி வந்தவர்கள். போன கிழமை சாப்பாட்டு நேரத்தில் வயதான ஒருவர் தங்கள் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரின் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அதையே இம்முறை எழுதுகிறேன்.

பாம் சுவான் ஆன் 1927இல் பிறந்தவர். 1953இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1957இல் கட்சியே அவரைப் பத்திரிகைத் தொழில் படிக்கக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. 1959இல் சைகோன் திரும்பி, றொய்ட்டர் செய்தி நிறுவனத்திலும் பின்னர் ரைம் சஞ்சிகையிலும் வேலை செய்தார். அமெரிக்கருக்குச் செய்தி எழுதிய அதே கை, வட வியட்நாமுக்கும் இரகசிய அறிக்கை எழுதியது. கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதினார். படச்சுருளைச் சாப்பாட்டுப் பொருளுக்குள் மறைத்துக் கொடுத்தனுப்பினார். கூட இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு யுத்தம் முடியும்வரை எதுவும் தெரியாது.

ஆனால் அவர் கல்நெஞ்சர் அல்ல. 1970இல் கம்போடியாவில் பிடிபட்ட ரைம் நிருபர் றொபேட் சாம் ஆன்சன் உயிரோடு விடுபட இரகசியமாக உதவினார். 1975 ஏப்ரல் இறுதியில், சைகோன் விழும் தருணத்தில், எதிர்ப்பக்கத்தின் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் திரான் கிம் துயென் தப்பியோட வழிசெய்தார். வென்றவர்கள் அவருக்குப் பதக்கமும் ஜெனரல் பதவியும் கொடுத்தார்கள். ஆனாலும் அமெரிக்கச் சிநேகிதம் உள்ளவர் என்று அவரையும் சந்தேகித்தார்கள். 2006இல் இறந்தார்.

"அவங்களுக்கு அவர் வீரர். என்ர தமையன் தெற்கு இராணுவத்தில செத்தவன். எனக்கு அவர் ஆர்?" என்று கேட்டார் அந்த வயதானவர். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு என் சித்தப்பாதான் நினைவுக்கு வந்தார். ஊரிலிருந்து பேப்பருக்குச் செய்தி அனுப்பியவர். ஆமிக்காரர் அவரை அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். அந்தப் பக்கம் ஆமியின் ஆள்காட்டி என்றது. உண்மையில் அவரிடம் ஒரு சைக்கிளும் ஒரு கொப்பியும்தான் இருந்தன. பயத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். விடாமல் எழுதிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். பிபிசி தமிழோசையில் அவர் குரலைக் கேட்டவர்கள் எங்களில் எத்தனைபேர்!

ஆன் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு உளவாளி நிருபர் வேடம் போட்டால், நேர்மையான நிருபர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுகிறது. பதக்கம் ஒருவருக்கு, பழி பலருக்கு.

இங்கேயும் யாராவது கொப்பியும் கமராவுமாக வந்தால், "இவன் ஆற்ற ஆள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி எங்களோடு பிளேன் ஏறி வந்திருக்கிறது. ஒருவரை உளவாளி என்று சொல்லமுதல் ஆதாரம் கேட்போம். அந்த ஒரு சொல்லால் எங்கள் ஊரில் எத்தனை வீடுகள் இருண்டன என்பது எங்களுக்குத் தெரியாததா?

அடுத்த இதழில் சந்திப்போம்.