எங்கள் கோபம் ஏன் வில்லனுக்குப் போகிறது?

2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் அக்கா மகன் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரத்னவேலை வைத்திருந்தான். ‘மாமன்னன்’ நெட்ஃபிளிக்ஸில் வந்த புதிது. ஃபஹத் ஃபாசிலின் நடை, அந்தப் பார்வை, பின்னணியில் ஏதோ ஒரு சாதிப் பெருமைப் பாட்டு. பையன் பத்தாம் வகுப்பு, எங்கள் காலனியில் வளர்கிறவன். “ஏன்டா இவன வச்சிருக்க?” என்றேன். “செம மாஸா இருக்காரு மாமா.” அது யாருடைய பாட்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து வேங்கைவயல் பஸ்ஸில் போகிற தூரம்தான். தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மாரி செல்வராஜைக் குறை சொல்ல மாட்டேன். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவனாகத்தான் ரத்னவேலை அவர் காட்டுகிறார். இதைவிடத் தெளிவாக ஒருவனை எப்படிக் காட்டுவது? ஆனால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு நடையை மட்டும் வெட்டியெடுக்க முப்பது விநாடி போதும்.

பையனுக்கு சூப்பர்ஹீரோ படம் என்றால் உயிர். அந்த வாரம் அவனோடு உட்கார்ந்து ‘மின்னல் முரளி’யை மறுபடி பார்த்தேன். 2021இல் வந்த பேசில் ஜோசப் படம். ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. தையல்காரன் ஜெய்சன் ஹீரோவாகிறான். டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு வில்லனாகிறான். ஊர் அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இத்தனை வருடம் காத்திருந்த உஷா அவனை ஏற்றுக்கொள்ளும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர நிற்கிறாரே குரு சோமசுந்தரம், அந்த முகத்துக்கு முன்னால் ஹீரோவின் சாகசம் எல்லாம் சாதாரணம். பிறகு ஊர்க்காரர்கள் அவன் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். உள்ளே உஷா.

“அப்ப ஊருதான மாமா வில்லன்?” என்றான் பையன்.

அதைத்தான் படத்தால் சொல்ல முடியவில்லை. கிளைமாக்ஸில் காப்பாற்றுவதற்கு ஊர் வேண்டுமே! 2018இல் வந்த ‘பிளாக் பாந்தர்’ கில்மாங்கரும் ஒருவகையில் ஷிபுதான். அப்பாவைக் கொன்றுவிட்டுச் சிறுவனை ஓக்லண்டிலேயே விட்டுவிட்டுப் போன அரச குடும்பத்திடம் கணக்குக் கேட்டு வருகிறான். அவன் செத்த பிறகுதான் வக்காண்டாவின் கதவைத் திறக்கிறான் மன்னன். (செத்த பிறகு நியாயத்தை ஒப்புக்கொள்வது நம் ஊர்ப் பழக்கமும்தான்.) ஒதுக்கப்பட்டவனின் கோபத்தை வில்லனிடமும் பொறுமையை ஹீரோவிடமும் கொடுக்கிற இந்தப் பங்கீடு எனக்கு உறுத்துகிறது. ஷிபுவுக்காக அழுகிறோம், ஆனால் அவன் சாக வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

காயம் இருந்தால்தான் வில்லன் மனிதனாகத் தெரிவான் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது. தொட்டி விவகாரம் வெளிவந்து ஆட்சியர் நேரில் போனபோது, இறையூர் டீக்கடை ஒன்றில் இரட்டைக் குவளை இருப்பது தெரிந்து வழக்குப் பதிவானது. இரண்டு வகைக் குவளையைப் பார்த்தபடி தினமும் டீ குடித்துப் போகிறவர்களுக்கு என்ன காயம்? மகளுக்குக் காய்ச்சல் என்றால் தூங்காதவர்கள், கல்யாணத்துக்குக் கடன் வாங்கி மொய் செய்கிறவர்கள். அப்படி ஒருவரை, எவரும் ஸ்டேட்டஸ் வைக்க முடியாத சாதாரணத்தோடு, யாராவது எழுத வேண்டும்.

பையன் ஸ்டேட்டஸை மாற்றிவிட்டான். இப்போது ஷிபு, எரிகிற வீட்டின் முன்னால். எனக்கு அதிலும் முழு நிம்மதி இல்லை.