பழைய வண்டி காயலான் கடைக்கா, பட்டறைக்கா?

மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஓடும் சொத்து இரண்டு உண்டு. ஒன்று, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள். மற்றொன்று, சமையல் அறையில் இருக்கும் மிக்சியும் கிரைண்டரும். இவை ஓடினால் குடும்பம் ஓடும். நின்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருமுனை மெக்கானிக்.

பழுது பார்ப்பதா, எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதா என்பது முன்பெல்லாம் புருஷனும் மனைவியும் பேசி முடிக்கும் விஷயம். இப்போது அதில் சர்க்கார் வந்துவிட்டது. கோர்ட்டு வந்துவிட்டது. கம்பெனிகளும் வந்துவிட்டன.

பீனியா தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிக்கு விடியற்காலையில் பஸ் நிச்சயம் இல்லை. வண்டி இருந்தால்தான் வேலை. ஆகவே "பழைய வண்டியை என்ன செய்வது?" என்ற கேள்வி அவருக்கு வயிற்றுப் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

ஒரே சர்க்கார், இரண்டு குரல்

2021 ஆகஸ்ட் 13-ந் தேதி மத்திய சர்க்கார் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையைத் தொடங்கி வைத்தது. பழைய வண்டியை அங்கீகாரம் பெற்ற கூடத்தில் உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், சொந்த உபயோக வண்டிக்கு மாநில சர்க்கார்கள் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். பழைய வண்டிக்கு, புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது.

அடுத்த வருஷமே மறுகுரல் கேட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகார இலாகா "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோக மின் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கும் அதில் அடங்கும். வாங்கிய பொருளை எங்கே வேண்டுமானாலும் பழுது பார்த்து, நீண்ட நாள் வைத்துக்கொள்ள மக்களுக்கு வழி வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஒரு கை "உடைத்துப் போடு" என்கிறது. மறு கை "பழுது பார்த்து வைத்துக்கொள்" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டி வாங்கும் சாதாரண மனிதர்.

15 வருஷம் முடிந்தால்?

15 வருஷம் முடிந்தால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

குழப்பம் டெல்லியில் இருந்து வந்தது. தலைநகர்ப் பகுதியில் 10 வருஷமான டீசல் வண்டிகளும் 15 வருஷமான பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தடையை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இவற்றுக்கு பங்க்குகளில் பெட்ரோலே போடக்கூடாது என்றார்கள். கூச்சல் எழுந்ததும் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

2025 ஆகஸ்ட் 12-ந் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே என்று டிசம்பரில் திருத்தப்பட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு பி.எஸ்.-4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். எனவே 15 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இந்தத் திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் பாதுகாப்பு இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது டெல்லிக் கதை. பெங்களூருக்கும் சென்னைக்கும் அந்தத் தடை பொருந்தாது.

கட்டணம் என்னும் கத்தி

தடை இல்லையே தவிர, கட்டணம் ஏறியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் பதிவைப் புதுப்பிக்க முன்பு 300 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 1,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி.

இதைவிடக் கடுமையானது தாமதத்துக்கான தண்டம். மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாய். பத்து மாதம் சும்மா இருந்துவிட்டால் 3,000 ரூபாய்! புது வண்டி விலை 70,000 ரூபாய் என்று வைத்தால், உடைக்கக் கொடுக்கும் பழைய வண்டிக்கு 2,800 முதல் 4,200 ரூபாய்தான் தேறும். அலட்சியத்துக்குக் கட்டும் தண்டமே வண்டியின் இரும்பு விலையை விழுங்கிவிடும்.

பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பே 25-ம் எண் படிவத்தில் மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தேதி ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. எத்தனை பேர் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்?

ஊரில் இருந்து வந்த வண்டி

வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு இன்னொரு தொல்லை உண்டு. அண்ணன் ஓட்டிய வண்டியைத் தம்பி ரெயிலில் போட்டுக் கொண்டு வருவார். பெட்ரோல் டாங்கியைக் காலி செய்து, ஆர்.சி. நகல் கொடுத்துப் பார்சலில் ஏற்றுவதுடன் வேலை முடிந்தது என்று நினைப்பார். முடியவில்லை.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்கு ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் பைனான்ஸ்காரர் கையெழுத்தும் வேண்டும். பிறகு இந்த மாநிலத்து வரி.

வண்டி அண்ணன் பேரிலேயே இருந்தால், விபத்து நடந்த அன்றுதான் அதன் வினை தெரியும். கோர்ட்டு சம்மன் ஊரில் இருக்கும் அண்ணனைத் தேடிப் போகும். பழைய வண்டிக்கு என்ஜின் மாற்றுகிறவர்களும் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். நம்பர் ஒத்துப் போகாவிட்டால் புதுப்பிக்கும் நாளில் வண்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிடும்.

பெட்ரோலிலும் மாற்றம்

வண்டிக்குள் ஊற்றும் எண்ணெயும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் அதுவே பரவலாகிவிட்டது. இதனால் இரு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் மதிப்பிட்டது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய இலாகா 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது.

செலவு குறைவுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் குறைவாக இருக்காது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டாங்கியில் துரு பிடிக்கும். துரு கார்புரேட்டருக்குப் போகும். ஊருக்கு ஒரு மாதம் லீவில் போகிறவர்கள் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது. பெட்ரோல் டியூப் கெட்டியாகவோ வெடிப்பாகவோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். கசியும் பெட்ரோல் தீ விபத்துக்கு அழைப்பு.

கம்பெனி மூடியும் ஓடும் வண்டி

பழுது பார்க்கும் திறமை என்ன செய்யும் என்பதற்கு கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தயாரித்த தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. கம்பெனி போயிற்று. வண்டி போகவில்லை. பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், கேபிள் என்று பாகங்களை லேத் பட்டறைகளும் சிறு வியாபாரிகளும் காப்பாற்றினார்கள். பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகரிலும் தேடி அலைந்து வண்டியை ஓட வைத்தவர்கள் ஏராளம். அதே பெயர்களில் 2018-லும் 2022-லும் புது வண்டிகள் விற்பனைக்கு வந்தன என்றால், பழசுக்கு இருந்த மதிப்பும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வண்டிகளை மூடி வைக்க ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், பாயிண்ட் இடைவெளி பார்க்க ஒரு தகடு போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. புகை குறைந்தது உண்மை. அது நல்லதுதான். பழைய டூ ஸ்டிரோக் வண்டிகள் ஆயிலையும் எரியாத பெட்ரோலையும் புகையாகக் கக்கியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டியில் என்ன கோளாறு என்று படிக்கும் கருவி தெருமுனைப் பட்டறையில் இல்லை. நோய் தெரியாத வைத்தியராக மெக்கானிக் நிற்கிறார்.

வீட்டுக்குள்ளும் அதே கதை

மின்விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர் மாற்றினால் போதும். எரிந்துவிட்டால் காயில் கட்டினால் போதும். மிக்சிக்குக் கார்பன், கிரைண்டருக்குப் பெல்ட், இரண்டுக்கும் பேரிங். சில்லறைக் காசில் தீரும் வேலை.

புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட் மின்சாரத்தில் ஓடும். பழையது 75 வாட் இழுக்கும். நாள் ஒன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் அதில் மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது. அது போனால் காயில் கட்டுகிறவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே பலகை கிடைக்க வேண்டும். கம்பெனி தராவிட்டால் விசிறி பரணுக்குப் போகும். வாங்கும்போது "பலகை தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்பவர் புத்திசாலி.

சட்டம் எங்கே நிற்கிறது?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. கார்களைப் பற்றிய வழக்கு என்றாலும் அதில் உள்ள நியாயம் மிக்சிக்கும் பொருந்தும்.

2022 டிசம்பர் 24-ந் தேதி பழுது பார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. 2025 மே மாதத்தில், ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு மார்க் போடும் திட்டம் பற்றி ஒரு குழு அறிக்கை தந்தது. நல்ல காரியங்கள். ஆனால் தளமும் மார்க்கும் சட்டம் ஆகிவிடாது. "இத்தனை வருஷம் உதிரி பாகம் தந்தே தீர வேண்டும், தராவிட்டால் தண்டனை" என்ற பொதுவான கட்டாயம் இல்லாத வரை, உரிமை ஏட்டில்தான் இருக்கும். இப்போதைக்கு ஏமாந்தவருக்கு இருக்கும் வழி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் கோர்ட்டும்தான். அதற்கும் பில் வேண்டும்.

யார் பக்கம் நியாயம்?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியில்லா விலை 50,000 என்றால் 5,000 ரூபாய் மிச்சம். வாகன உதிரி பாகங்களுக்கும் ஒரே சீராக 18 சதவீதம் ஆனது. புதுசு வாங்குகிறவருக்கும் பழசைக் காப்பாற்றுகிறவருக்கும் இதில் லாபம் உண்டு.

புகை கக்கும் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. புகைப் பரிசோதனை அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் தேறிய வண்டியை வயதுக்காக மட்டும் தண்டிப்பது, வேலை செய்யத் தெம்புள்ளவரைப் பிறந்த தேதியைக் காட்டி வீட்டுக்கு அனுப்புவது போன்றது. அந்த அனுபவம் தொழிலாளிகளுக்குப் புதிது அல்ல.

உடைக்கும் கூடங்களுக்குச் சலுகை கொடுக்கும் சர்க்கார், தெருமுனை மெக்கானிக்குக் கோளாறு படிக்கும் கருவியும் பயிற்சியும் கிடைக்கச் செய்யுமா? ஐ.டி.ஐ.க்களின் மூலம் மாலை நேர வகுப்பு நடத்தினால், கார்புரேட்டரோடு வளர்ந்த கைகள் கம்ப்யூட்டர் பெட்டியையும் பழகிக்கொள்ளும். கொள்கை இரண்டில் எது மெய் என்பது அங்கேதான் தெரியும்.

அதுவரை ஆர்.சி. தேதியைப் பார்த்து வையுங்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக் காலை ஷிப்டுக்குப் போக, கொள்கை வராது, வண்டிதான் வரும்.