விதியின் தலையில் ஏற்றும் பாரம்

பத்திரிகைத் தொழிலில் நாம் தேய்த்தே பாழாக்கிய சொற்களில் ஒன்று ‘விபத்து’. எழுதுபவருக்கும் வேலையில்லை, வாசிப்பவருக்கும் கேள்வியில்லை. பாரத்தை விதியின் தலையில் ஏற்றிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

2010 செப்டெம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில், காய்ந்த புல்லைச் சுருட்டிக் கட்டிய உருளையொன்று சரிவான வயலில் உருண்டு, வீதியால் சென்ற வேன் மீது மோதியது. அதன் நிறை சுமார் 600 கிலோகிராம். வேனைச் செலுத்திய மைக் எட்வேர்ட்ஸ் உயிரிழந்தார். ‘இலெக்ட்ரிக் லைட் ஓர்கெஸ்ட்ரா’ இசைக்குழுவில் 1970களில் செலோ வாசித்தவர் அவர். ‘விசித்திர விபத்து’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மரணத்துக்கு எவர் பொறுப்பு என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. சரிவில் ஓர் உருளை உருள்வதில் என்ன விசித்திரம் என்பதே எனது கேள்வி.

வைக்கோல், புல் என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது தலைச்சுமையாகத் தூக்கக்கூடிய கட்டு. மேலைநாட்டுப் பண்ணைகளிலும் ஒருவர் தூக்கும் சிறிய சதுரக் கட்டுகளே முன்னர் வழக்கிலிருந்தன. 1971 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கேரி வெர்மியர் பெரிய உருளைக் கட்டு இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பின்னர் கட்டின் நிறை பல மடங்காகியது. புல் இலேசானது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

தற்காப்பு வழிகள் இரகசியமானவையல்ல. உருளையைச் சமதரையில் இறக்க வேண்டும். சரிவில் இறக்க நேர்ந்தால் உருளாத திசையில் வைக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் தூக்கியில் மண் அள்ளும் வாளியைக் கொண்டு உருளையைத் தூக்கலாகாது. உயர்த்தும்போது அது பின்னோக்கி உருண்டு சாரதியின் மேலேயே விழக்கூடும். கட்டைக் குத்திப் பிடிக்கும் முள்ளோ கவ்வியோ பொருத்தி, சுமையைத் தாழ்த்தியே நகர்த்த வேண்டும். லொறியின் பட்டிகளை அவிழ்க்குமுன் சுமை சரிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டு விழக்கூடிய பக்கத்தில் எவரும் நிற்கக்கூடாது. அடுக்கின் அடியிலிருந்து கட்டை உருவக்கூடாது.

மழைக்கு முன் ஏற்றியாக வேண்டும், இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். விவசாயியின் அவசரம் பொய்யல்ல. ஆனால் மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களையே கேட்கின்றன. பிரித்தானியாவில் தொழிலாளரில் நூற்றுக்கு ஒருவரளவே விவசாயத்தில் இருக்கின்றனர்; வேலைத்தல மரணங்களிலோ அத்துறையின் பங்கு ஐந்தில் ஒன்றை அண்மிக்கிறது. இதனை விதி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சட்டமும் கண்ணை மூடிக்கொள்கிறது. பத்துப் பேரோ அதற்குக் குறைவானோரோ வேலைசெய்யும், தற்காலிகத் தொழிலாளர் முகாமற்ற பண்ணைகளில் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தை அமுல்படுத்த மத்திய அரசின் நிதியைச் செலவிட அமெரிக்கக் காங்கிரஸ் 1970களிலிருந்து தடை விதித்து வருகிறது. சிறு பண்ணையென்று பார்த்துப் புவியீர்ப்பு எவருக்கும் விலக்களிப்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது ‘விபத்து’ என்று எழுதுமுன் மூன்று கேள்விகளையாவது கேட்போம். கட்டு எங்கே இறக்கப்பட்டது? எதனால் தூக்கப்பட்டது? அது விழும் வழியில் ஒருவரை நிற்க விட்டது யார்? விடை கிடைத்த பின்னர் எந்தச் சொல் பொருந்தும் என்று தீர்மானிக்கலாம்.