பூங்குழலியின் படகு என்ன ஆச்சு?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' என்றாலே குந்தவையா, நந்தினியா என்றுதான் பேச்சு. 2022-ல் படம் வந்தபோதும் எங்கள் தெருவில் இதே பட்டிமன்றம்தான்! எனக்கென்னவோ கோடிக்கரை பூங்குழலியைத்தான் பிடிக்கும். ராத்திரியில் தனியாளாகத் துடுப்பு போட்டு வந்தியத்தேவனை இலங்கையில் கொண்டுபோய் விட்டவள். புயலில் அருள்மொழிவர்மரையே காப்பாற்றியவள். எங்கள் பக்கத்துக் குப்பத்தில் பெண்கள் மீன்கூடை சுமக்கிறார்கள். துடுப்பு பிடித்து நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவளைக் கடைசியில் சேந்தன் அமுதனுக்குக் கட்டிவைத்து ராணியாக்கிவிட்டார் கல்கி. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் படகு என்ன ஆச்சு என்றுதான் கவலை. கல்யாணமான புதிதில், "இனிமே உனக்கெதுக்கு?" என்று என் தையல் மெஷினை விற்றுவிட்டார்கள். ராணி மாதிரி வெச்சுக்கறோம்னுதான் சொன்னாங்க.

- ஒரு வாசகி, விம்கோ நகர்.