கழற்றத் தெரிந்தால் மட்டும் மாட்டுங்க

நம்ம பார்க்கிங்கில் நிற்கிற ஏதாவது ஒரு புதுக் காரின் முன் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தட்டிப் பாருங்க. தகடு சத்தம் வராது, டொக் டொக்னு பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பேர் வீல் ஆர்ச் லைனர். சக்கரம் வாரி அடிக்கிற சேறு, கல், தண்ணி எல்லாம் பாடி தகட்டில் படாமல் வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஒரு கிளிப் உடைந்து டயரில் உரசி கரகரன்னு சத்தம் வரும் வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

1960களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இது கிடையாது. அதனால் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்றைக்குத் தனியாக லைனர் வாங்கியோ, தாங்களே ஷீட் வெட்டியோ மாட்டுகிறார்கள். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கு. மாட்டுவது நல்லதுதான். ஆனால் லைனர் என்றாலே 'அடைப்பது' என்று நினைத்துச் செய்தால், லைனரே இல்லாமல் விடுவதை விட மோசமாகும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்களே, இது உங்களுக்கும் சேர்த்துதான். ஏன்னா நம்ம ப்ராஜெக்ட்டில் எதைப் பார்த்தாலும் சிலிகான் சீலன்ட் டியூபைத் தூக்குகிற பழக்கம் நமக்கு உண்டு.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரே ஒரு காரை எடுத்துக்குவோம். எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட 1.8 லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதற்கு முன்னால் வந்த எம்ஜிஏவில் தனி சேஸிஸ் இருந்தது, அதன் மேல் பாடி உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் தனி சேஸிஸ் கிடையாது. மோனோகாக், அதாவது பாடியேதான் சேஸிஸ். இந்த ஒரு மாற்றத்தால் துருவின் அர்த்தமே மாறிடுது. எம்ஜிஏவின் மட்கார்டில் ஓட்டை விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். எம்ஜிபியில் துரு எங்கே இருக்கு என்பதைப் பொறுத்து, காரின் முதுகெலும்பே போயிருக்கலாம்.

அந்த முதுகெலும்பு கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுகிற பெட்டி வடிவப் பகுதி. இங்கிலீஷில் சில் என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்காக வெல்டு பண்ணியது. மேற்கூரை இல்லாத ரோட்ஸ்டர் மாடலில் கார் நடுவில் மடங்காமல் தாங்குவதில் பெரும்பங்கு இதற்குத்தான். சில் மாற்றும்போது உள்ளே குறுக்குக் கம்பி வெல்டு பண்ணி முட்டுக் கொடுக்காமல் வெட்டினால், கதவு இடைவெளி சுருங்கி அப்புறம் கதவே சரியாக மூடாது. எம்ஜிபி டின்கரிங் தெரிந்தவர்கள் முதலில் எச்சரிக்கிற விஷயம் இதுதான்.

இப்போ சேறு எப்படிப் போகுதுன்னு பாருங்க. முன் சக்கரம் சேற்றை மேலேயும் பின்னாலேயும் வீசும். சக்கரத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு இருக்கு. அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை, வெளி மட்கார்டோடு ஒட்டி நிற்கும். புதுசில் நல்லா வேலை செய்யும். வருஷம் ஆக ஆக ரப்பர் காய்ந்து இறுகி இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகச் சேறு பின்னால் இருக்கிற குழிக்குள் போய், கதவுத் தூணுக்கு முன்னால், மட்கார்டும் சில்லும் சேர்கிற கீழ் மூலையில் படியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மட்கார்டின் கீழ்ப்பக்கம் பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் டிஃபரன்ஷியல் ஏரேஷன் கரோஷன்னு ஒன்று படித்தோமே, ரெண்டு மார்க் கேள்வியாக எழுதிட்டு மறந்திருப்பீங்க. அது இதேதான். ஈரச் சேறு மூடிய தகட்டில் ஆக்சிஜன் குறைவு, பக்கத்தில் காற்றுப் படுகிற தகட்டில் அதிகம். ஆக்சிஜன் குறைந்த இடம் ஆனோடாகி அரிக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் ஐஸ் பிடிக்காமல் இருக்க செஷையர் மாதிரியான இடங்களில் வெட்டியெடுத்த பாறை உப்பைத் தூவுவார்கள். சேற்றில் அந்த உப்பும் சேரும். உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும். அந்த ஊரில் அது சர்வ சாதாரணம். ஆக மழையே பெய்யாவிட்டாலும் அந்த மூலை காயாது. தண்ணி பட்டதால் மட்டும் இவ்வளவு அரிப்பு வராது. காயாமல் கிடப்பதால்தான் வருது. லைனரைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

"ஒரிஜினலில் இல்லாததை ஏன் மாட்டணும்?" என்று ஒரு கட்சி இருக்கு. அவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. பழைய வாகனம் ஒரு ஆவணம், அதில் கை வைப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது நியாயமான பேச்சு. ஆனால் ஒரிஜினல் தகடு அரித்துப் போய்ப் புதுத் தகடு வெல்டு பண்ணுவது மட்டும் ஒரிஜினலா? எம்ஜிபிக்கு முழு பாடிஷெல்லையே 1988லிருந்து பழைய அச்சுகளை வைத்துப் புதுசாகச் செய்து விற்கிறார்கள். அந்த அளவுக்குத் தேவை இருந்திருக்கு. நாலு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடுகிற ஒரு பிளாஸ்டிக், அந்தக் காலத் தகட்டைக் காப்பாற்றும் என்றால் அது ஒரிஜினாலிட்டிக்கு எதிரி இல்லை. 'கழற்றினால் வந்துவிடுகிற' என்பதுதான் நிபந்தனை.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் அட்டை. பழைய ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டை போதும். கேட் சாஃப்ட்வேர் வேண்டாம், இங்கே கேட் என்றால் கார்ட்போர்டு எய்டெட் டிசைன் என்பது உலகம் முழுக்க இருக்கிற பழைய ஜோக். ஆர்ச்சின் உள்வளைவு மட்டும் சமாளித்துவிடலாம். சஸ்பென்ஷன் கை, ஸ்டீயரிங் கம்பி வருகிற இடங்களில்தான் கஷ்டம். அங்கே அட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி டேப் போட்டு ஒட்டிக்கொண்டே போகணும்.

அப்புறம் இடைவெளி. நின்றுகொண்டிருக்கிற காரில் அளந்துவிட்டு ஷீட்டை வெட்டிடாதீங்க. சக்கரம் நேராக, இடப்பக்கம் முழுசாக, வலப்பக்கம் முழுசாக என்று மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் சஸ்பென்ஷன் தொங்கும்போது, சாதாரண உயரத்தில், முழுசாக மேலேறி முட்டும்போது என்று மூன்று. ஒன்பது நிலையிலும் டயர் எங்கே போகுதுன்னு பார்க்கணும். இதற்கு முன் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை மேலே கீழே நகர்த்துவார்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் விளையாட்டு கிடையாது, பழகிய ஆள் பக்கத்தில் இல்லாமல் தொடாதீங்க. ஷீட்டின் உள்பக்கம் அங்கங்கே களிமண் உருண்டை ஒட்டி வைத்தால் எங்கே எவ்வளவு நசுங்குதுன்னு தெரியும். காரில் 165 அகல டயருக்குப் பதிலாக உரிமையாளர் அகலமான டயர் போட்டிருந்தால், யாரோ கொடுத்த ரெடிமேட் அளவு உதவாது.

மெட்டீரியல் விஷயத்தில் நிறைய பேர் அலுமினியத்துக்கு ஓடுவாங்க. பளபளன்னு இருக்கும், வளைப்பது ஈஸி. ஆனால் உப்புத் தண்ணியில் இரும்போடு அலுமினியம் தொட்டால் என்ன ஆகும்னு அதே கெமிஸ்ட்ரி புக்கில் இருக்கு. ஒவ்வொரு போல்ட்டிலும் பிரித்து வைக்க வாஷர் வேணும். ஃபைபர்கிளாஸில் எந்த வடிவமும் கொண்டுவரலாம், ஆனால் கல் அடித்தால் விரிசல் விடும். என் ஓட்டு 2 மி.மீ. கறுப்பு எச்டிபிஇ ஷீட்டுக்கு. கல் அடித்தால் உடையாமல் வளையும், உப்பு ஒன்றும் செய்யாது, ஹீட் கன்னால் சூடாக்கி வளைக்கலாம். 130 டிகிரி பக்கத்தில் உருகும், கவனம். அதே காரணத்துக்காக வி8 எஞ்சின் மாற்றிய கார்களில் இதை யோசிக்காமல் போடக்கூடாது. அவற்றில் சிலவற்றில், 1990களின் ஆர்வி8 மாடலைப் போல, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள் மட்கார்டைத் துளைத்து வீல் ஆர்ச்சுக்குள்ளேதான் வரும்.

எச்டிபிஇயில் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு: வெப்ப விரிவு. தரத்தைப் பொறுத்து மாறும், சராசரியாக ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.15 மி.மீ. வைத்துக்கொள்ளுங்க. ஆர்ச்சின் வளைவு நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 6 மி.மீ. பக்கத்தில் இருக்கிற இரும்புத் தகடு அரை மி.மீ.தான் நகரும். எல்லா போல்ட்டையும் வட்ட ஓட்டையில் இறுக்கினால் ஷீட் நடுவில் புடைத்து டயருக்கே வரும். ஒரு போல்ட் மட்டும் வட்ட ஓட்டை, மற்றதெல்லாம் நீள ஓட்டை, பெரிய வாஷர், கை இறுக்கம்.

தகட்டில் புது ஓட்டை போடாதீங்க. துருவைத் தடுக்கப் போய் துருவுக்கே வாசல் திறந்து விடுவதுதான் அது. தடுப்புத் தகட்டைப் பிடித்திருக்கிற பழைய போல்ட் இடங்கள் இருக்கு, மட்கார்டே போல்ட்டில்தான் நிற்குது. அதில் சின்ன பிராக்கெட் வைத்துப் பிடிக்கலாம். போட்டே ஆகணும்னா ஓட்டையின் ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர், பெயின்ட், கடைசியில் மெழுகு. அதே மாதிரி லைனரின் ஓரத்துக்கு அழகாக ரப்பர் பீடிங் செருகுவதும் எனக்குப் பிடிக்காது. பீடிங்கின் பள்ளத்துக்குள் போன தண்ணி காய்வதே இல்லை. ஓரத்தை உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டு, தகட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் போதும்.

கீழ்ப்பக்கம் கண்டிப்பாகத் திறந்திருக்கணும். எவ்வளவு இறுக்கமாக மாட்டினாலும் பின்னால் கொஞ்சம் ஈரம் போகத்தான் போகுது, தூசி போகத்தான் போகுது. அது வெளியே வரவும், பின்னால் காற்று ஓடவும் வழி வேணும். செய்து முடித்ததும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. லைனருக்குப் பின்னால் மேலிருந்து ஒரு லிட்டர் தண்ணி ஊற்றுங்க. கீழே தட்டு வையுங்க. அஞ்சு நிமிஷத்தில் எவ்வளவு திரும்பி வருதுன்னு அளங்க. மறுநாள் கழற்றி, எங்கே இன்னும் ஈரமா இருக்குன்னு விரலால் தொட்டுப் பாருங்க. சீலன்ட் பூசி மூடிய லைனர் இந்த டெஸ்டில் தேறாது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பிரிட்டனில் கார்களுக்கு வருஷா வருஷம் எம்ஓடி என்ற சோதனை உண்டு. சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிக்கிற இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகடு பலமிழக்கிற அளவுக்குத் துரு இருந்தால் ஃபெயில். ஆனால் 2018 மே முதல், 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபி வந்தது 1980ல். கணக்கு நீங்களே போட்டுக்குங்க. அந்தக் கார்களின் அடியில் அரசாங்கம் சார்பாகக் குனிந்து பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை, உரிமையாளர்தான் பார்க்கணும். அவர் பார்க்க வேண்டிய அதே மூலையை நாம் ஒரு கறுப்பு ஷீட்டால் மூடுகிறோம். பாப் ரிவெட் அடித்து, சீலன்ட் பூசி மூடினால் அதை யாரும் கழற்ற மாட்டார்கள். அடுத்து வாங்குகிறவர், "லைனர் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார், நல்லா பராமரித்த கார்" என்று நம்பி வாங்குவார். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து விற்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

அதனால் நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான். சக்கரத்தைக் கழற்றிய பிறகு, ஒரே ஒரு ஸ்பேனரில், பத்து நிமிஷத்தில் லைனர் கையில் வரணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, உப்புக் காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், கழற்றி, பின்னால் தண்ணி பீய்ச்சி, காயவிட்டு, மெழுகு அடித்துத் திருப்பி மாட்டணும். மாட்டும் முன் தகட்டின் நிலையை போட்டோ எடுத்து, காரோடு போகிற ஃபைலில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. இதெல்லாம் செய்ய நேரமில்லை என்கிறவர் லைனர் போடாமல், அந்த ரப்பர் பட்டையை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு, ஹோஸ் பைப்பால் அடிக்கடி கழுவுவதே மேல். ரப்பர் பட்டைக்கு ஆகும் செலவும் கம்மி.

பின் சக்கரத்துக்கும் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: எம்ஜிபியின் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் நிற்கிற திட அச்சு. வளைவில் திரும்பும்போது பாடி அச்சுக்கு மேல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும், டயருக்கும் ஆர்ச் உதட்டுக்கும் இடைவெளியும் அதிகம் கிடையாது. அங்கே ஷீட்டை நுழைப்பதை விட, உள் ஆர்ச்சும் வெளி ஆர்ச்சும் சேர்கிற மடிப்பை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, அதற்குள் மெழுகு ஏற்றுவதுதான் வேலைக்கு ஆகும். அரை நாள் வேலை, கை முழுக்கக் கறுப்பாகும்.