பிள்ளைகள் செய்த ஒப்பந்தம்

திருப்பூரிலே ஓர் அரசுப் பள்ளி. மாலை மணி நான்கு. வாயிலிலே பெற்றோர் காத்து நிற்கின்றனர். மணி அடிக்கிறது, மடை திறந்த வெள்ளமெனச் சிறார் ஓடி வருகின்றனர். பள்ளியிலே சேர்ந்து பத்து நாளும் ஆகாத சிறுவன் ஒருவன், மற்றொருவன் தோளிலே கைபோட்டபடி வந்து, "அப்பா! இவன் என் கூட்டாளி!" என்கிறான். தீர்ந்தது! நட்பு ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அரை மாங்காயும் அரைத்துண்டுப் பென்சிலும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

இனிப் பெரியவர்கள் பேசவேண்டும். பேசுகின்றனர்.

"ஊருக்குப் புதுசுங்களா?"

"ஆமாங்க, மன்னார்குடிப் பக்கம்."

"மன்னார்குடியிலே எந்தத் தெருவுங்க?"

தெருவின் பெயர் சொல்லப்படுகிறது. போதவில்லை.

"வீட்டிலே கவுச்சி உண்டுங்களா? குலதெய்வம் எதுங்க?"

ஊரிலே துவங்கி, தெருவிலே நுழைந்து, அடுப்பை எட்டிப் பார்த்து, சாமி வரையிலே சென்று, சாதியைத் துழாவி எடுத்தாகிவிட்டது! கிடைத்த விடையைப் பொறுத்துத்தான், நாளை அந்தச் சிறுவன் கூட்டாளி வீட்டுக் கூடத்திலே விளையாடலாமா, வாயிற்படியோடு நிற்கவேண்டுமா என்பது தீர்மானமாகும். நாம் கேட்கிறோம்: பிள்ளைகள் நொடியிலே கட்டிய பாலத்தைப் பெற்றோர் மூன்றே கேள்விகளிலே தகர்ப்பது எந்த அறிவின் இலக்கணம்?

1929இலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தைக் களைக என்றது. களைந்தோம். இந்தியத் துணைக்கண்டத்திலே வேறு பல பகுதியினர் இன்றளவும் சுமக்கும் அந்தச் சுமையைத் தமிழர் பெரும்பாலோர் இறக்கி வைத்தனர். பெருமைதான். ஆனால் தோழர்களே, பெயரிலே அறுத்த வால் நாவிலே முளைத்துவிட்டதே! பட்டம் போயிற்று, துப்பறியும் வேலை வந்தது!

புதிய ஊருக்கு வரும் பெற்றோரின் நிலை என்ன? திருப்பூருக்கு எவரும் காற்று வாங்க வருவதில்லை. காவிரிக் கடைமடையிலே பயிர் பொய்த்துப்போனவர், மதுரை, தேனிப் பக்கத்து மானாவாரி நிலத்தை நம்பிக் கெட்டவர், ஒடிசாவிலும் பீகாரிலும் கூலி கிடைக்காதவர், பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வருகின்றனர். கணவன் பனியன் கம்பெனியிலே ஒன்றரை ஷிப்ட்டு. லைன் வீட்டிலே இளந்தாய். தாயும் அருகில் இல்லை, மாமியாரும் இல்லை. நள்ளிரவிலே குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் அவளுக்கு! அந்தக் கதவைத் தட்டும் துணிவு அவளுக்கு வராதபடி, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி முதல் நாளே தாழிட்டுவிட்டதே! நட்பு என்பது அவளுக்குப் பொழுதுபோக்கா? உயிர்த்துணையன்றோ!

"முன்பின் அறியாதவரிடம் பிள்ளையை எப்படி விடுவது? நம்மவர் என்று தெரிந்தால் நம்பலாம்" என்பர் சிலர். அச்சம் நியாயமானது, கையாளும் அளவுகோல்தான் பொய்யானது. ஒருவர் நம்பத்தக்கவரா என்பதை அவர் நடத்தை சொல்லும். கொடுத்த வாக்கைக் காப்பது சொல்லும். பிள்ளையிடம் பேசும் பரிவு சொல்லும். குலதெய்வம் எங்ஙனம் சொல்லும்? சொந்தச் சாதியாரிடம் சீட்டுக் கட்டி ஏமாந்தவர் எவருமே இல்லையோ?

திருப்பூர்த் தொழிற்கூடத்தைப் பாருங்கள். ஒருவர் துணியை வெட்ட, ஒருவர் ஓவர்லாக்கிலே தைக்க, ஒருவர் பிசிறு நீக்க, ஒருவர் மடித்து அடுக்க, பனியன் கப்பலேறுகிறது. பத்துச் சாதியார் கைபட்ட பனியனை மார்போடு சேர்த்து அணியலாம்; அந்தக் கைகள் நீட்டும் ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் ஆகாதோ?

2018ஆம் ஆண்டு, இதே திருப்பூர் மாவட்டத்திலே, அவிநாசி வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றிலே, பட்டியலினத்துப் பெண் சத்துணவு சமைக்கலாகாது என்று போர்க்கொடி தூக்கினர். தூக்கியவர் யார்? தட்டேந்தி அமர்ந்த பிள்ளைகளா? பெற்றோர்! பிள்ளைக்குப் பசி தெரியும். சாதியைப் பெற்றோர்தான் ஊட்டவேண்டியிருக்கிறது!

பிறரைச் சாடுவது எளிது. நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, வீடு தேடும்போது "நம்ம ஆளுங்க இருக்கும் தெருவா?" என்று விசாரிக்கும் தோழர் நம்மிலே இல்லையா? புதிய ஊரிலே தனிமை வாட்டியதும், சாதிச் சங்கத்தின் விழாவுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, "நாலு பேர் பழக்கம் வேண்டாமா?" என்று சமாதானம் கூறுபவர் இல்லையா? வடபுலத்துத் தொழிலாளியை ஏளனமாக அழைப்போர் இல்லையா? 1938லும் 1965லும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றது தமிழகம். இனியும் திணித்தால் எதிர்ப்போம். அந்த எதிர்ப்பு ஆதிக்கத்தின் மீது! வயிற்றுப்பாட்டுக்கு வந்தவனின் மகள், நம் பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்து 'அ, ஆ' எழுதுகிறாளே, அவள் மீதா?

1998இலே மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையிலே முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் எழுந்தது. பல சாதியாருக்கும் ஒரே வரிசையிலே 100 வீடுகள். அரசு வீட்டைக் கட்டித் தரலாம். சுவரை ஒட்டிச் சுவர் எழுப்பலாம். திண்ணையிலே அமர்ந்து பேசும் நேசத்தை அரசாணை தருமோ? அதை நாம்தான் தரவேண்டும்.

ஆகவே இளைஞர்களே, இளம் பெற்றோரே! நாளை மாலை பள்ளி வாயிலிலே புதிய முகம் ஒன்று ஒதுங்கி நிற்கும். அருகே செல்லுங்கள். "உங்கள் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலே சாப்பாடு, குடும்பத்தோடு வாருங்கள்" என்று அழையுங்கள். அவர்கள் அழைத்தால், சென்று உண்ணுங்கள். எந்தத் தெரு, எந்தச் சாமி என்ற கேள்விகளை நாவிலிருந்து அறுத்தெறியுங்கள்.

ஒப்பந்தத்தைப் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டனர். கிழிக்காமல், கீழே கையொப்பமிடுவோம்!